புளிப்பும் பொன்னும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. சிலம்பையும் குறளையும் விரித்துரைக்கவல்ல புலவர்கள் இவ்வவையில் வீற்றிருக்கின்றனர். பத்தாம் வகுப்புத் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் சீட்டுச் சாளரத்தின் பின்னே அமர்ந்து காலம் கழிக்கும் எமக்கு அத்துறையில் புகும் துணிவில்லை. ஆதலின், "யாதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுக" எனச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, ஓராண்டாக எம் உள்ளத்தை விட்டகலாத ஒன்றையே எடுத்துக்கொண்டோம். அப்பொருள் புளிப்பு. நகையாடாது கேட்க வேண்டுகிறோம். தயிரிலும் கூழிலும் உள்ள அதே புளிப்பை நுண்ணுயிர்களைக் கொண்டு பெருங்கலங்களில் விளைவித்து, தொழில்களுக்கு வேண்டிய சரக்காக்கும் வகையைத்தான் பேசப் புகுந்தோம்.

பொருள் வந்த வழி

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் நம் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்றுமுதல் இவ்வூரின் பிழைப்பு இருப்புப்பாதையின்மீது ஓடுகிறது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூர் சென்று, இருட்டியபின் வீடு திரும்புவோர் ஆயிரக்கணக்கினர். தம் பிள்ளைகளை விழித்த கண்களோடு காண்பது ஞாயிற்றுக்கிழமையில் மட்டுமே என்பார் பலர். அவர்தம் மாதச் சீட்டுகளை எழுதித் தருவது எம் வேலை.

அவர்களுள் ஓர் இளைஞர், பெங்களூரில் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் கலங்களைக் கழுவித் துடைக்கும் பணியினர். ஒருநாள் சாளரத்தில் தலை நீட்டி, "அண்ணா! நாங்கள் கழுவும் கலங்களில் தயிரின் புளிப்பைத்தான் செய்கிறார்கள். தோல் பதனிட, மருந்து செய்ய, பிளாஸ்டிக் செய்யக்கூட அது வேண்டுமாம். நம் ஊரிலேயே அப்படி ஓர் ஆலை வைத்தால் என்ன? புளிக்க வைப்பது நமக்குத் தெரியாத வித்தையா?" என்றார். பின்னே வரிசை நீண்டிருந்தமையால் அன்று விடை கூற இயலவில்லை. அவ்விளைஞர்க்கு யாம் கூறக் கடமைப்பட்ட விடையே இவ்வுரை. அவர் இங்கே அமர்ந்திருக்கின்றார்.

அடுக்களையில் கற்றது

வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்தும் நம் முன்னோர் இங்கு வந்தபோது கொண்டுவந்த செல்வங்களுள் ஒன்று கேழ்வரகுக் கூழ். மாவை நீரில் கரைத்து ஓரிரவு புளிக்கவிட்டு, மறுநாள் நொய் சேர்த்துக் காய்ச்சுவர். அந்தப் புளிப்பை ஆக்கும் உயிர்களுள் தலையாயவை, சர்க்கரைப் பொருளை லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியாக்கள். காய்ச்சி ஆற்றிய பாலில் ஒரு கரண்டி உறைமோர் விடுகின்றோமே, அந்தக் கரண்டியில் இருப்பவை கோடிக்கணக்கான அவ்வினத்து உயிர்களே.

இங்கே தாய்மார்கள் அறிந்த ஓர் உண்மையைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். தயிர் ஓரளவு புளித்தபின் அதன் புளிப்பேற்றம் தளர்ந்துவிடுகிறது. பாலில் உள்ள சர்க்கரை தீர்ந்துவிட்டதால் அன்று. நூறு பங்கு பாலில் ஏறக்குறைய ஐந்து பங்கு சர்க்கரை உண்டு. தயிரில் விளையும் அமிலமோ நூற்றுக்கு ஒரு பங்கு அளவினதே. எஞ்சிய சர்க்கரை அப்படியே கிடக்கின்றது. தின்னத் தீனியிருந்தும் அவ்வுயிர்கள் ஓய்ந்துவிடக் காரணம், தாம் ஈன்ற புளிப்பைத் தாமே தாங்கமாட்டாமைதான். இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டால், ஆலையின் கதை முழுவதும் விளங்கிவிடும்.

மேலை நாட்டார் கண்டவை

புளித்த பாலிலிருந்து இவ்வமிலத்தைத் தனியே பிரித்தெடுத்தவர் சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே, ஆண்டு 1780. பிரிப்பதற்கு அவர் துணைக்கொண்ட பொருள்களுள் ஒன்று சுண்ணாம்பு.

பின்னர் 1856-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லீல் நகரில், பீட்கிழங்கிலிருந்து சாராயம் காய்ச்சும் ஆலையார் ஒருவர், தம் தொட்டிகள் சில புளித்துக் கெட்டுப்போவதாக அங்கிருந்த பேராசிரியர் லூயி பாஸ்டரிடம் முறையிட்டார். பாஸ்டர் நுண்ணோக்கியில் நோக்கினார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்டுகளும், கெட்ட தொட்டியில் அவற்றினும் மிகச் சிறிய வேறு உயிர்களும் இருக்கக் கண்டார். புளிப்பு என்பது பொருள் தானே அழுகுவதால் விளைவதன்று, அதற்கென ஓர் உயிர் உண்டு என்பதை 1857-இல் உலகுக்கு உரைத்தார். ஒருவர்க்கு நட்டமாய் வந்த புளிப்பு, அறிவியலுக்கு ஆக்கமாயிற்று.

அதன்பின் 1881-இல் அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்து லிட்டில்டன் என்னும் ஊரில் சார்லஸ் ஏவரி என்பார் முதன்முதலாக இதனைத் தொழிலாகத் தொடங்கினார். ரொட்டி மாவை உப்பவைக்கும் தூளில் இதன் சுண்ணாம்பு உப்பைச் சேர்க்கலாம் என்பது அவர் எண்ணம். அது பலிக்கவில்லை. ஆயினும் தோல் பதனிடுவோரும் துணிக்குச் சாயம் ஏற்றுவோரும் இவ்வமிலத்தின் பயனைக் கண்டுகொண்டமையால் தொழில் பிழைத்தது. 1895-இல் ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனமும் இதில் இறங்கிப் பேரளவில் செய்யலாயிற்று.

ஆலையில் நிகழ்வது

ஆலையில் வேண்டுவன நான்கு: சர்க்கரை, உயிர், சூடு, சுண்ணாம்பு.

சர்க்கரை கரும்பிலிருந்து வரலாம்; மக்காச்சோளம், மரவள்ளி ஆகியவற்றின் மாவைச் சர்க்கரையாக்கியும் பெறலாம்; பாற்கட்டி செய்தபின் எஞ்சும் தெளிநீரிலிருந்தும் பெறலாம். அழுக்கு மிக்க சர்க்கரை மலிவு. ஆனால் பின்னர் அமிலத்தைத் தூய்மை செய்யும் செலவு ஏறும். தூய சர்க்கரையில் அச்செலவு குறைவு. வாங்கும் விலை மிகுதி. இவ்விரண்டுக்கும் இடையே தராசு பிடிப்பதே ஆலைக்காரரின் முதல் திறமை. சர்க்கரை மட்டும் போதாது. இவ்வுயிர்கள் தமக்கு வேண்டிய வைட்டமின்கள் பலவற்றைத் தாமே செய்துகொள்ள மாட்டாதவை. ஆதலின் ஈஸ்டின் சாறு போன்ற ஊட்டமும் சேர்க்க வேண்டும். அதுவும் செலவே.

உயிர்களுள் நெடுங்காலமாகத் தொழிலுக்கு உதவி வருவது லாக்டோபாசில்லஸ் டெல்புருக்கி என்பது. இது 45 பாகை முதல் 50 பாகை செல்சியஸ் வரையுள்ள சூட்டில் நன்கு உழைக்கும். வேறு பல கிருமிகளுக்கு அச்சூடு ஒவ்வாது. எனவே சூடே ஒரு காவலாகவும் அமைகிறது. சாம்பியன் சுரங்கத்தில் 3,000 மீட்டருக்கும் கீழே, 60 பாகைக்கு மேற்பட்ட பாறைச் சூட்டில் நின்று உழைத்தவர்களின் மக்களாகிய நமக்கு, வெப்பத்தில் வேலை செய்யும் உயிரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இனிச் சுண்ணாம்பு. தம் புளிப்பால் தாமே ஓய்ந்துவிடும் உயிர்களை ஓயாது உழைக்கச் செய்வது எவ்வாறு? புளிப்பு எழ எழச் சுண்ணாம்புத்தூளைச் சேர்த்து அதனைத் தணித்துவர வேண்டும். அமிலம் சுண்ணாம்போடு கூடி கால்சியம் லாக்டேட் என்னும் உப்பாகிவிடும். உயிர்கள் இடர் நீங்கிச் சர்க்கரை தீருமளவும் உழைக்கும். தயிரில் நூற்றுக்கு ஒன்றாக நின்ற விளைவு, கலத்தில் பத்துக்குப் பக்கமாக ஏறும். இதற்குச் சில நாள்கள் பிடிக்கும்.

விளைச்சலின் அளவும் வியப்புக்குரியது. ஈஸ்டு சாராயம் ஆக்கும்போது சர்க்கரையின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிவளியாகக் காற்றில் போய்விடுகின்றது. லாக்டிக் அமிலத்தில் அவ்விழப்பு இல்லை. சர்க்கரையின் ஒரு மூலக்கூறு இரண்டு அமில மூலக்கூறுகளாகப் பிரிகின்றது, அவ்வளவே. கணக்குப்படி 100 கிலோ குளுக்கோசு 100 கிலோ அமிலம் தரவேண்டும். நன்கு நடக்கும் ஆலையில் 90 கிலோவுக்கு மேலும் கிட்டும்.

இவ்வளவில் நம் இளைஞர் கூறியது சரியே. விளைவிப்பது அரிய வித்தை அன்று.

பிரித்தெடுக்கும் வேலை

அரிய வேலை இதன்பின்தான் தொடங்குகின்றது. கலத்தில் இருப்பது அமிலம் அன்று; நீரும், செத்த உயிர்களும், மிச்சச் சர்க்கரையும், சுண்ணாம்பு உப்பும் கலந்த குழம்பு. அதனைக் காய்ச்சி வடிகட்டுவர். பின்னர்க் கந்தக அமிலம் சேர்ப்பர். கந்தக அமிலம் சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு ஜிப்சமாகக் கீழே படியும். லாக்டிக் அமிலம் விடுபட்டு நீரில் நிற்கும். அதைக் கரித்தூள் கொண்டு நிறம் நீக்கி, நீரை ஆவியாக்கிச் செறிவாக்குவர். மற்றப் பொருள்களைப்போல் வாலையில் இட்டு எளிதாக வடித்தெடுக்கவும் இயலாது. நீர் குறையக் குறைய அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும் இயல்பின. மருந்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் வேண்டிய தூய்மை பெற இன்னும் பல படிகள் ஏறவேண்டும். இத்தொழிலின் செலவில் பெரும்பகுதி இப்பிரிப்பு வேலைக்கே போகின்றது.

பெரியோர்களே! இதைப் படித்தபோது எமக்கு எம் தந்தையார் நினைவு வந்தது. நந்திதுர்க் சுரங்கத்தில் பணி செய்தவர் அவர். "பொன்னை யார் வேண்டுமானாலும் காண்பர், கல்லிலிருந்து கழற்றுவதுதான் தொழில்" என்பார். டன் கணக்கில் கல்லை இடித்துப் பொடியாக்கி, சயனைடு நீரில் பொன்னைக் கரைத்து, துத்தநாகத்தால் மீட்டெடுத்தனர். டன் ஒன்றுக்குச் சில கிராம் பொன். எஞ்சிய பொடி எங்கே போயிற்று? சாளரத்தைத் திறந்தால் தெரிகின்றது. 800 டன் பொன் இவ்வூரைவிட்டுச் சென்றது. ஏறத்தாழ 3 கோடி 30 லட்சம் டன் சயனைடு மேடு நம்மோடு இருக்கின்றது. காற்றடிக்கும் காலத்தில் அதன் தூசி நம் உலர்துணியிலும் உலைநீரிலும் படிகின்றது. அம்மேடுகளில் எஞ்சிய பொன்னை மீண்டும் எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் மாநில அமைச்சரவை இசைவு தந்தது. ஆனால் பொடியின் அளவு அதனால் குறையுமோ?

யாருக்குப் பயன்?

இவ்வமிலத்தின் பயன்களைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டா. பங்காருப்பேட்டையில் வண்டி மாறிச் சோலையார்பேட்டையைக் கடந்தால் வாணியம்பாடியும் ஆம்பூரும் வரும். மயிர் நீக்கத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைப்பது பதனிடுவோர் வழக்கம். பின்னர் அச்சுண்ணாம்பைத் தோலிலிருந்து போக்கவேண்டும். கந்தக அமிலம் இட்டால் தோலுக்குள்ளேயே ஜிப்சம் படியும். லாக்டிக் அமிலம் இட்டாலோ, விளையும் உப்பு நீரில் கரைந்து வெளியேறிவிடும். கலத்தில் பிரிப்பதற்கு உதவிய இயல்பும் தோலில் போக்குவதற்கு உதவும் இயல்பும் ஒன்றே என்பதைக் காண்க. இப்பொழுது அம்மோனியா உப்புகளே அவ்வேலைக்கு மிகுதியும் வழங்குகின்றன. அவை கழிவுநீரைக் கெடுப்பதால் லாக்டிக் அமிலம் போன்றவற்றின் பக்கம் நாட்டம் திரும்புகின்றது.

மருத்துவமனையில் நரம்பில் ஏற்றும் நீர்களுள் ஒன்று ரிங்கர் லாக்டேட். 1932-இல் ஹார்ட்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் வகுத்தது. ஊறுகாய், மிட்டாய், பானம் ஆகியவற்றில் புளிப்பூட்டவும் இவ்வமிலம் பயன்படும். அறுவைக் காயத்தைத் தைத்தபின் உடலுக்குள்ளேயே கரைந்துபோகும் நூலும் இதிலிருந்து பிறந்ததே. மூலக்கூறுகள் கைகோத்துக்கொள்ளும் இயல்பைக் குறையாகக் கூறினோம் அல்லவா? அதனையே குணமாகக் கொண்டு பாலிலாக்டிக் அமிலம் என்னும் பிளாஸ்டிக்கைச் செய்கின்றனர். 2002-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துப் பிளேர் நகரில் ஆண்டுக்கு 1,40,000 டன் செய்யவல்ல ஆலை எழுந்தது. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்துக் கும்பி என்னும் ஊரில் பல்ராம்பூர் சர்க்கரை ஆலையார் கரும்பிலிருந்து இதனைச் செய்யும் திட்டத்தை 2024-இல் அறிவித்து, 2025-இல் அடிக்கல் நாட்டினர். பூனாவுக்கருகே ஜெஜூரியில் பிராஜ் நிறுவனத்தார் 2024-இல் மாதிரி ஆலை ஒன்றைத் திறந்தனர். ஆகவே இது கனவன்று.

இன்னொரு செய்தியையும் கூறவேண்டும். நுண்ணுயிர் இன்றியும் இவ்வமிலத்தைச் செய்யலாம். 1950-களில் ஜப்பானிலும் 1960-களில் அமெரிக்காவிலும் அவ்வழி தொழிலாக நடந்தது. அதற்கு வேண்டிய மூலப்பொருள்களுள் ஒன்று எது தெரியுமோ? ஹைட்ரஜன் சயனைடு! சயனைடு நம்மை விடாது போலும். ஆனால் அவ்வழியில், இடக்கையும் வலக்கையும்போல் ஒன்றுக்கொன்று கண்ணாடி உருவான இருவகை அமிலமும் சரிபாதியாய்க் கலந்து பிறக்கும். தக்க நுண்ணுயிரோ வேண்டிய வகையை மட்டும் தேர்ந்து தரும். உறுதியான பிளாஸ்டிக்குக்கு அத்தகைய ஒருவகைத் தூய்மையே தேவை. இன்று உலகில் பெரும்பகுதி லாக்டிக் அமிலம் நொதித்தலால் பெறப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெள்ளை மேடு

இனி யாம் கூற வந்த செய்திக்கு வருகின்றோம். சுண்ணாம்பும் கந்தக அமிலமும் கூடிப் படிந்த ஜிப்சத்தின் அளவு எவ்வளவு? ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சம்! ஆண்டுக்குப் பத்தாயிரம் டன் செய்யும் ஆலை, ஆண்டுதோறும் பத்தாயிரம் டன் வெண்பொடியையும் செய்கின்றது. அது சயனைடு மேட்டைப்போல் நஞ்சன்று. சிமென்டுக்கு உதவும், உவர் நிலத்தைத் திருத்த உதவும். ஆயினும் வாங்குவார் இல்லையேல், அது மேடாகத்தான் நிற்கும். கரும்மேட்டின் பக்கத்தில் ஒரு வெள்ளை மேடு.

இதற்கும் வழி காணாமல் இல்லை. புளிப்பைத் தாங்கவல்ல ஈஸ்டுகளை மரபணு மாற்றத்தால் உருவாக்கி, சுண்ணாம்பின் தேவையையும் அதனால் ஜிப்சத்தையும் வெகுவாகக் குறைத்துள்ளனர். மின்சாரத்தாலும் மெல்லிய சவ்வுகளாலும் அமிலத்தைப் பிரித்து, காரத்தை மீண்டும் கலத்துக்கே திருப்பும் முறையும் உண்டு. இவை முதலீடு மிகுதியாய் வேண்டுபவை. மலிவாகத் தொடங்க விழைவோர் பழைய சுண்ணாம்பு வழியையே நாடுவர்.

பிளாஸ்டிக்கின் மறுமுனையிலும் இதே வினா நிற்கின்றது. "மட்கிவிடும்" என்று விளம்பரம் செய்யப்படும் பாலிலாக்டிக் கிண்ணம், 60 பாகையை அணுகிய சூடும் ஈரமும் அமைந்த உரக்கிடங்கில்தான் சில திங்களில் மட்கும். சாலையோரக் குப்பையில் எறிந்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

நாம் கேட்க வேண்டியவை

"அப்படியானால் ஆலை வேண்டா என்கின்றீரோ?" என நம் இளைஞர் வினவலாம். அவ்வாறு யாம் கூறவில்லை. ஐம்பது வயதை எட்டும் தந்தையர் வண்டியில் நின்றபடியே உறங்குவதை நாள்தோறும் காணும் எம் வாயிலிருந்து "வேண்டா" என்னும் சொல் எழாது. கோலார் மாவட்டத்தில் பால் உண்டு. சீனிவாசபுரத்து மாம்பழமும், விலை வீழ்ந்த நாளில் தெருவில் கொட்டப்படும் தக்காளியும் உண்டு. தமிழகத்துச் சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகள் கழிக்கும் மரவள்ளித் திப்பி உண்டு. திப்பியிலிருந்து இவ்வமிலத்தைப் பெறலாம் என ஆராய்ச்சியாளர் செய்து காட்டியுள்ளனர். ஆலை வரட்டும். ஆனால் வரும்போது நாம் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும்.

முதலாவது: நீர் எங்கிருந்து? 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து ஏரிகளில் நிரப்பிக்கொள்ளும் மாவட்டம் இது. நொதிக்கும் ஆலைக்கோ நீர் மிகுதியும் வேண்டும்.

இரண்டாவது: எஞ்சுவது எங்கே? ஜிப்சத்தை வாங்குவோர் யார், அவரோடு உடன்படிக்கை உண்டா, மிச்சச் சர்க்கரை கலந்த கழிவுநீரைத் தூய்மை செய்யும் கலம் முதல்நாளே கட்டப்படுமா?

மூன்றாவது: நம் பிள்ளைகளுக்கு எவ்வேலை? கலம் கழுவும் வேலை மட்டுமா, கலத்தை ஆளும் வேலையுமா?

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கு வந்தபோது இவ்வினாக்களை எழுப்ப நம் பாட்டன்மார்க்கு எழுத்தறிவும் இல்லை, உரிமையும் இல்லை. பொன் எவ்வளவு என்பதையே உலகம் கேட்டது; பொடி எவ்வளவு என எவரும் கேட்கவில்லை. எம் தந்தையாரின் நுரையீரல் அப்பொடிக்கு விடை கூறிற்று. இருமலோடு போராடியே அவர் மறைந்தார்.

நம் பிள்ளைகட்கு எழுத்தறிவு உண்டு, வாக்குரிமை உண்டு, கூடிப் பேச இச்சங்கமும் உண்டு. ஓர் ஆலையின் தரத்தை அது விற்கும் பொருளைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது; அது விட்டுச்செல்வதைக் கொண்டும் அளக்க வேண்டும். இந்தப் பாடத்தை நூறாண்டுக்கு மேல் கட்டணம் செலுத்திக் கற்ற ஊர் நம் ஊர். கற்றதைக் கேள்வியாக்கும் கடமை நமக்கு உண்டு.

தம்பி! நீர் சாளரத்தில் கேட்ட வினாவுக்கு இதுவே எம் விடை. புளிக்க வைப்பது நமக்குத் தெரியும், பிரிக்கக் கற்றுக்கொள்வோம், எஞ்சுவதை எங்கே வைப்பது என்பதை முதலில் கேட்போம். கலம் கழுவுவதோடு நின்றுவிடாது, மாலைக் கல்லூரியிலாவது இத்துறையைப் படியும். ஒருநாள் இவ்வூரில் இத்தகைய ஆலை எழுமாயின், அதன் கலங்களை ஆளும் இடத்தில் உம்மைக் காண விழைகின்றோம். அன்று உமக்கு மாதச் சீட்டு எழுதும் வேலை எமக்கு இல்லாது போகும். அவ்விழப்பை மகிழ்ந்து ஏற்போம்.